புரட்டாசிக் கடைசி சனியும் பதினொரு மூங்கில் குச்சிகளும்

1

இட்லி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க எங்கள் வீட்டில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. ஒரு சாண் நீளம், அடிப்பக்கம் சப்பை, நுனி கூர். போன சனிக்கிழமை காலை அது முறிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது அவை பதினொன்று. அதில் நான்கை என் மகள் கவிதா எடுத்துக்கொண்டாள். இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பானியர் காலத்து மாதா கோயில் ஒன்றை அட்டையில் கட்டியாக வேண்டும். பிள்ளைகள் கட்டியாக வேண்டும் என்றால் அப்பா அம்மாவும் கட்டியாக வேண்டும். கோயிலுக்கு வேலியாக அந்த நான்கும் பள்ளிக்கூடம் போயின. இரண்டு குச்சி பால்கனித் தொட்டியில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்தன. மற்றவை இட்லிக்கே உழைத்து ஒவ்வொன்றாக முறிந்தன.

என் மனைவி ராஜி முறிந்த துண்டைக் குப்பையில் போடவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மோரியோட கடைசிக் குச்சியும் போச்சுங்க. போற நாளப் பாருங்க, புரட்டாசி சனிக்கிழமை."

கவிதா சீரியல் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இஸ் இட் தி நோ சிக்கன் மந்த் அகெய்ன்?" என்றாள். அவளுக்கு இப்போது பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்கிறோம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல் எங்கள் வீடு ஓடுகிறது. காது பழகிவிட்டது.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் பனி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். நாங்கள் இருக்கிற குபெர்டினோ பக்கம் பனி பெய்வதில்லை. அதனால் பனியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தக் குச்சி வந்த கதையை எழுதுகிறேன்.

2

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். படித்தது ஐ.டி.ஐ. மீதியைப் பழைய புத்தகக் கடையும் டீக்கடைப் பேச்சும் சொல்லிக்கொடுத்தன. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், நான் மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைச் சேர்க்கிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு இருக்கும். கம்ப்யூட்டருக்குச் சிப்பு செய்கிற ஒரு கம்பெனிக்கு மிஷின் பூட்ட என்னை இங்கே அனுப்பினார்கள். பூட்டியவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று இவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அப்படித்தான் வந்தேன். பெரிய சாகசம் ஒன்றும் இல்லை.

எனக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் மோரி. ஜப்பானில் பிறந்து, இங்கே வந்து முப்பது வருஷம் ஆனவர். ஒல்லி உடம்பு, வெள்ளை முடி, நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். அந்தப் பத்தில் இரண்டாவது என் நோட்டில் ஏறிவிடும். "பம்பு பேசும்போது நீ பேசாதே" என்பார். "மனிதன் மறைப்பான், பேரிங் மறைக்காது" என்பார். கழற்றிய திருகாணிகளை வரிசையாகத் துணியில் வைக்காதவனைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு எதிரில்தான் உட்காருவார். அவர் டப்பாவில் வெள்ளைச் சோறும் நடுவில் உப்பில் ஊறிய ஒரு சிவப்புக் காயும். என் டப்பாவில் வாரம் நாலு நாள் கோழிக் குழம்பு. மூடியைத் திறந்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை நகர்த்துவார்கள். மோரி நகர்த்த மாட்டார். ஒருநாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்தார், மறுநாளும் ஒரு துண்டு எடுத்தார். அதிலிருந்து ராஜி ஒரு துண்டு கூட வைத்து அனுப்ப ஆரம்பித்தாள். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இனி கிரீன் கார்டு. அதற்கு விண்ணப்பம் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. எண்பத்தேழு ஜூலையில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸர் எங்கள் கோப்பைப் புரட்டி, கம்பெனி கொடுத்த கடிதத்தில் விரலை வைத்தார். இவனுக்கு இங்கே நிரந்தர வேலை இருக்கிறது என்று சொல்கிற கடிதம் அது. தேதி பழசாம். பேட்டிக்கு முந்தின முப்பது நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டுமாம். எங்களை நாலு வருஷம் காக்க வைத்தவர்கள் அவர்கள். அந்த நாலு வருஷத்தில் கடிதம் பழசானது எங்கள் குற்றம். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை மறுபடி வரச் சொன்னார்கள்.

அந்த அக்டோபர் கடைசியோடு என் வேலை விசா முடிகிறது. இன்னொரு தடவை நீட்டிக்க வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே கணக்கு சுலபம். திங்கட்கிழமை கையில் புதுக் கடிதம் இருந்தால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும்.

புதுக் கடிதத்தில் தலைமை ஆபீஸில் ஒருவர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்துக்கு மோரி என் பக்கம் வந்தார்.

"கடிதம் நாளை மதியம் என் கைக்கு வந்துவிடும். நாளை மாலை ஆறரைக்கு சான் ஹோசேயில் ஒரு கடைக்கு வா. மனைவி, மகள், எல்லாரும். சாப்பிடுவோம். கடிதத்தை அங்கே தருகிறேன்."

ஏழு வருஷமாக அவர் கீழே வேலை பார்த்த ஒருவனையும் அவர் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்று அந்த ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். என்ன கடை என்று கேட்டேன்.

"கோழி" என்றார். "கரியில் சுட்டது. கோழி மட்டும்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

3

அந்தச் சனிக்கிழமை, புரட்டாசி மாதத்தின் கடைசி நாள்.

புரட்டாசியில் கறி மீன் தொடாமல் இருப்பது எங்கள் வீட்டில் பரம்பரைப் பழக்கம். அம்பத்தூரில் கறிக்கடை வைத்திருந்த பாய் அந்த மாதம்தான் கடைக்கு வெள்ளையடிப்பார். "உங்க சாமி எனக்கு வருஷத்துல ஒரு மாசம் லீவு குடுக்குது, எங்க சாமி கூட அவ்ளோ குடுக்கல" என்பார். ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு விடியும் முன்னே அவர் கடை வாசலில் தூக்குப்பாத்திரங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் பின்னாலே வந்து சேருவார்கள். இங்கே வந்த பிறகு நாங்கள் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் ஜூலையில் பேட்டி தள்ளிப்போனதும் ராஜி பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். கார்டு கிடைக்க வேண்டும், அதற்காகப் புரட்டாசி முழுவதும் வீட்டில் ஒருத்தரும் மாமிசம் தொடமாட்டோம். முப்பது நாள் ஒழுங்காகப் போயிற்று. மீதி ஒரு நாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா உங்க மோரிக்கு? ஞாயித்துக்கிழமைன்னா நானே ரெண்டு கோழி சாப்பிடுவேனே" என்றாள் ராஜி.

"அவரு கிட்ட போயி நாள் மாத்துங்கன்னு சொல்ல முடியுமா? லெட்டர் அவர் கைல இருக்கு."

"கார்டு பெருமாள் கைல இருக்கு."

ஒரே கார்டுக்காக ஒருவர் சாப்பிடு என்கிறார், இன்னொருவர் சாப்பிடாதே என்கிறார். இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள்.

நான் இவ்வளவு பயந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அம்பத்தூரில் எங்கள் ஃபோர்மன் வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் உட்காராமல் ஷிஃப்டுக்கு ஓடிவிட்டேன். வேலை மேல் இருந்த அக்கறையில்தான் ஓடினேன். மனிதர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "என் வீட்டு எலை ஒனக்கு எறங்கலையோ?" என்று ஷாப் நடுவில் கேட்டார். அடுத்த எட்டு மாதம் என் லீவு லெட்டர் எதுவும் அவர் மேஜையைத் தாண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் இருந்தது.

சனிக்கிழமை மாலை 280 ஃப்ரீவேயில் போகும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ராஜி, இப்ப ஊர்ல மணி என்ன?"

"காலைல ஆறே முக்கால் இருக்கும். எதுக்கு?"

"என்ன கெழம?"

"ஞாயிறு."

"என்ன மாசம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"பொழுது விடிஞ்சு ஐப்பசி பொறந்தாச்சு ராஜி. திருப்பதி எங்க இருக்கு? அங்க இருக்கு. பெருமாளுக்கு எந்த ஊரு நேரம்? அந்த ஊரு நேரம். அவரு கணக்குல புரட்டாசி முடிஞ்சிருச்சு."

"ஓகோ. அப்ப புரட்டாசி ஒண்ணாந் தேதிய நாம எந்த நேரப்படி ஆரம்பிச்சோம்?"

நான் லேனை மாற்றினேன்.

"நான் சொல்லட்டா? அங்க ஒண்ணாந் தேதி விடிஞ்சப்ப இங்க முந்தின நாள் சாயங்காலம். அன்னிக்கு ராத்திரி மீன் வறுவல் சாப்பிட்டது யாரு? 'இங்க இன்னும் ஆவணிதான்'னு சொல்லிட்டு நாலு துண்டு சாப்பிட்டது யாரு? ஆரம்பிக்கிறப்ப இந்த ஊரு நேரம், முடிக்கிறப்ப அந்த ஊரு நேரமா? பெருமாளுக்கே ஷிஃப்ட் மாத்தி விடறீங்களா?"

எஸ்டேட்டில் நான் பார்த்த எந்த யூனியன் தலைவரும் இப்படி மடக்கியதில்லை. பின் சீட்டிலிருந்து கவிதா, "ஜஸ்ட் டெல் ஹிம், அப்பா" என்றாள். இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மருந்துதான். போய்ச் சொல்லிவிடு.

"நீ வாய தெறக்காத" என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். காரில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

4

கடை சின்னது. கதவுக்குப் பதில் பாதித் துணி தொங்கியது. உள்ளே மேஜை கிடையாது. நீளமான ஒரே பலகை, அதை ஒட்டிப் பத்து ஸ்டூல். பலகைக்கு அந்தப் பக்கம் குறுகலான இரும்புத் தொட்டியில் கரி கனன்றது. கடைக்காரர் ஒகாடா, தலையில் துணியை முறுக்கிக் கட்டியவர், ஓர் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே குச்சிகளைத் திருப்பினார். நம்மூரில் சோளம் சுடுகிற அம்மாள் விசிறுகிற அதே வீச்சு. நானும் ராஜியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மோரி கோட்டும் டையுமாக எங்களுக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தார். அவரை ஷாப்பில் நீலச் சட்டையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கோட்டின் உள்பையில் ஒரு நீளக் கவரின் வெள்ளை ஓரம் தெரிந்தது. அதற்குப் பிறகு என் கண் வேறெங்கும் நிற்கவில்லை.

வரிசையாக உட்கார்ந்தோம். மோரி, நான், ராஜி, கவிதா. அன்றைக்கு மோரி ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசினார். இந்தக் கடையில் ஒரு கோழியை முப்பது விதமாகப் பிரிப்பார்களாம். தோல் தனிக் குச்சி, கழுத்து தனிக் குச்சி, ஈரல், இரைப்பை, குருத்தெலும்பு எல்லாம் தனித்தனி. இதயம் ஒரு குச்சிக்கு ஐந்து, அப்படியென்றால் ஒரு குச்சிக்கு ஐந்து கோழி. நல்ல பாகங்கள் கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்பதால் மூன்று நாள் முன்பே சொல்லிவைத்து எங்களுக்காக எடுத்து வைக்கச் செய்திருக்கிறார். நுனியில் இருக்கிற துண்டுதான் பெரியது, அதில்தான் உப்பு கூட இருக்கும், முதல் கடி நன்றாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் யோசித்துக் கோத்திருக்கிறார் என்றார். பம்புக்குள் இருக்கிற பாகங்களைச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

கரித்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. அதில் கன்னங்கரேலென்று ஒரு சாறு. ஒகாடா பாதி வெந்த குச்சிகளைக் கொத்தாக அதில் முக்கி எடுத்து மறுபடி நெருப்பில் வைத்தார்.

"அந்தப் பானை இந்தக் கடையை விட வயதானது" என்றார் மோரி. "ஒகாடாவின் அப்பா ஜப்பானில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து இவர் ஒரு ஜாடிச் சாறு கொண்டுவந்து இதில் ஊற்றினார். குறையக் குறைய ஊற்றுவார், காலி செய்ததே இல்லை. எத்தனை ஆயிரம் கோழி அதில் இறங்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது."

நான் தலையாட்டினேன். ராஜி புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் காது வழியாகப் போகும், வாய் வழியாக வராது. மோரியின் இங்கிலீஷோ தனி ரகம். இது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தட்டு வந்தது. எட்டுக் குச்சிகள். மோரி கையை நீட்டி, "தயவுசெய்து எடுங்கள்" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. ராஜியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. நான் தண்ணீர் குடித்தேன். அழகாக இருக்கிறது என்றேன். விசிறியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். மறுபடி தண்ணீர் குடித்தேன். குச்சிகளிலிருந்து புகை குறைந்தது. ஒகாடா விசிறுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மோரி தட்டைப் பார்த்தார். கவரின் ஓரம் அவர் பையில் அப்படியே இருந்தது. எனக்கு ஃபோர்மன் குரல் காதில் கேட்டது.

"அவங்களால சாப்பிட முடியாது, மிஸ்டர் மோரி" என்று கவிதா இங்கிலீஷில் சொன்னாள். "இது ஒரு மாசம். கோழி சாப்பிடக் கூடாது. கிரீன் கார்டு வேணும்னு அம்மா சாமி கிட்ட பிராமிஸ் பண்ணியிருக்காங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலு வாரமா நாங்க வெறும் சாம்பார்தான்."

அவ்வளவுதான். போட்டு உடைத்தாயிற்று.

மோரி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அந்தக் குச்சிகளைப் பார்த்தே பேசினார்.

"நாலு வாரமாக உன் டப்பாவில் கோழி இல்லை. தயிர்ச் சோறு. எலுமிச்சைச் சோறு. எனக்கும் துண்டு வரவில்லை. வக்கீலுக்குக் கொடுத்தே இவர்கள் கை காலியாகிவிட்டது, கோழி வாங்க முடியவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் இங்கே கூப்பிட்டேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எங்கள் புரட்டாசியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருவர் கோழி விருந்து வைக்கிறார். பெருமாள் செய்யக்கூடிய வேலைதான்.

மோரி எழுந்து நின்று, இடுப்பிலிருந்து வளைந்து ராஜிக்குத் தலை வணங்கினார். "கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை." ராஜி பதறிப்போய் அவளும் எழுந்து கைகூப்பினாள். "ஐயோ, அவர உக்காரச் சொல்லுங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்றாள். கடையில் இருந்த மற்ற ஆறு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்ததும் மோரி முதல் வேலையாகப் பையிலிருந்து கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். "முதலில் இது. சாப்பாடு வேறு, இது வேறு" என்றார். அந்த வார்த்தை என் நோட்டில் தனிப் பக்கத்தில் இருக்கிறது.

மோரியும் ஒகாடாவும் ஜப்பானியத்தில் ஏதோ பேசினார்கள். ஒகாடா முகம் மலர்ந்துவிட்டது. அவர் அம்மாவும் அப்பா இறந்த தேதி வரும்போதெல்லாம் மாதத்தில் ஒரு நாள் மீன் கூடத் தொடமாட்டாராம். "அவருக்கு விஷயம் புரிகிறது. உங்களுக்கு வேறு செய்கிறார்" என்றார் மோரி.

கோழிக் குச்சிகள் பக்கத்து ஸ்டூல்காரர்களுக்குப் போயின. எங்களுக்குப் பச்சை மிளகாய் மாதிரியே இருந்தாலும் காரமில்லாத ஒரு மிளகாய், வெங்காயத் தண்டு, காளான் எல்லாம் உப்புத் தூவிக் குச்சி குச்சியாக வந்தன. ராஜி ஆவலாகச் சாப்பிட்டாள். கவிதா மட்டும் போகிற தட்டிலிருந்து இதயக் குச்சி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கவி" என்றாள் ராஜி.

"ஐ டிடின்ட் ப்ராமிஸ் எனிதிங், அம்மா."

நான் வேண்டிக்கொள்ளவில்லை என்கிறாள். உண்மைதான். ஐந்து கோழியின் இதயத்தையும் எங்கள் கண் முன்னால் நிதானமாகத் தின்றாள். மோரிக்கு அதில் சந்தோஷம், அதனால் ராஜி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குழந்தையை மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்தோம். எங்களுக்கு எந்த ஊர் நேரம் என்றுதான் சண்டை. அவளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

கடைசியாக ஒகாடா சோற்றை முக்கோணமாகப் பிடித்து, கரியின்மேல் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுட்டார். பிறகு ஒரு பிரஷ்ஷை எடுத்தார். அந்த மண்பானைக்குள் விட்டார். சோற்றின் மேல் பளபளவென்று தடவி, மறுபடி நெருப்பில் காட்டி, இரண்டு கையாலும் ராஜியின் முன்னால் வைத்தார்.

நான் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் கோழி இறங்கிய பானை. வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். ஒகாடா நின்றுகொண்டு பார்க்கிறார், மோரி பார்க்கிறார். அந்த மனிதர் மறுபடி எழுந்து குனிந்தால் எங்களால் தாங்க முடியாது. ராஜி சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். வீடு போய்ச் சேருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எடுத்துக் கடித்தாள்.

"என்னங்க இது, தேவாமிர்தமா இருக்கு!"

எனக்கு வைத்ததை நானும் தின்றேன். உண்மையில் அப்படித்தான் இருந்தது. அவள் இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

கிளம்பும்போது காலிக் குச்சிகளைக் காட்டி, எடுத்துக்கொள்ளலாமா என்று ராஜி சைகையில் கேட்டாள். ஒகாடா பதினொன்றையும் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நல்ல மூங்கிலைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. காரில் ஏறியதும் கவரைப் பிரித்து, பெயர் சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று விளக்கைப் போட்டு மூன்று தடவை படித்தாள்.

5

திங்கட்கிழமை அதே ஆபீஸர். கடிதத்தை விரித்தார். கீழ் ஓரத்தில், கையெழுத்துக்குப் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. ராஜியுடையது. அந்தப் பானைச் சாறு.

"இது என்ன?"

"சாப்பாடு சார்" என்றேன்.

தேதியைப் பார்த்தார். முந்தின வெள்ளிக்கிழமைத் தேதி. "புதுசுதான்" என்றார். ஓட்டை போட்டுக் கோப்பில் கோத்தார். எங்கள் மூன்று பேரையும் வலது கையைத் தூக்கச் சொன்னார், சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார், சொன்னோம். அரை மணி நேரத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. நாலு வருஷத்துக்கு அரை மணி நேரம். கார்டு தபாலில் வர இன்னும் சில மாதம் ஆயிற்று.

வெளியே வந்ததும் ராஜி படிக்கட்டில் நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். பெருமாள் வாக்குக் காப்பாற்றிவிட்டார் என்றாள். நாமும் காப்பாற்றினோம் என்றாள். நான் சாவியைத் தேடுகிற மாதிரிப் பையைத் துழாவினேன்.

மறுநாள் என் டப்பாவில் கோழிக் குழம்பு இருந்தது. மோரிக்கு இரண்டு துண்டு. போன வருஷக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு முன்னால் வந்த செப்டம்பர் பாதியானதும் "மாதம் தொடங்கிவிட்டதா?" என்று அவரே கேட்டார். தொடங்கிவிட்டது என்றதும் அவரும் ஊறுகாய்ச் சோற்றோடு நிறுத்திக்கொண்டார்.

சோற்றுருண்டை விஷயத்தை ராஜியிடம் நான் சொல்லவில்லை. முதலில் பேட்டி முடியட்டும் என்று இருந்தேன். பிறகு கார்டு வரட்டும் என்று இருந்தேன். கார்டு வந்த பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். குச்சியால் அவள் இட்லியைக் குத்தும்போதெல்லாம் நான் பேப்பர் படித்தேன்.

6

நான் எழுதுவதை ராஜிதான் முதலில் படிப்பாள். காய் நறுக்கிக்கொண்டே படிப்பாள். மேலே இருப்பதை அவள் நேற்று படித்தாள். ஐந்தாம் பகுதி வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது, எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க?"

"எது?"

"அந்த மனுஷன் பானைல பிரஷ்ஷ விட்டது. எனக்கு நேரா நின்னுக்கிட்டு விட்டாரு. அதுக்கு முன்னாடியே மோரி சொன்னாரே, எத்தனை ஆயிரம் கோழின்னு. எனக்குப் புரியலைன்னு வேற எழுதியிருக்கீங்க."

நான் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன். "தெரிஞ்சா சாப்பிட்ட?"

"கடிகாரம் பாத்தேனே. அதையும்தான் நீங்க தப்பா எழுதியிருக்கீங்க. ஏழே கால். அப்ப அங்க ஏழே முக்கால். ஐப்பசி ஒண்ணு."

"அடிப்பாவி! கார்ல என்ன பேச்சுப் பேசின? பெருமாளுக்கு ஷிஃப்ட் மாத்தறீங்களான்னு?"

"கார்ல அந்த மனுஷன் இல்லையே. கடைல எதிர்லயே நின்னாரு. ரெண்டு கையால வெச்சாரு."

கவிதா ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "வெயிட், அப்பா டிடின்ட் நோ தட் யூ நியூ?" என்றாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ரெண்டு வருஷமா ஏன் ராஜி சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்று மறுபடி கத்தியை எடுத்தாள். "குச்சி தீர்ற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். தீந்துபோச்சு."

நான் காகிதத்தைத் திருப்பி வாங்கினேன். சோற்றுருண்டை வருகிற இடத்தை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். ஊரில் பெரியவர்கள் படிப்பார்கள், விரதத்தைப் பற்றி என்ன நினைப்பார்களோ.

"அதெல்லாம் வேணாம். அப்படியே அனுப்புங்க."

"பெருமாள் படிச்சா?"

"படிக்கட்டும்" என்றாள். "அவருக்குத்தான் அப்பவே விடிஞ்சிருச்சே."